குமுளி கடைவீதிக்கு இங்கிலீஷ் மரபுத்தொடர்கள்: எதைப் பேசலாம், எதைக் கேட்டுக்கொண்டால் போதும்

குமுளியில் ஸ்பைஸ் கடையோ ஜீப்போ ஹோம்ஸ்டேயோ, எதில் சேர்ந்தாலும் ஒரு சீசன் முடிவதற்குள் இங்கிலீஷ் வந்துவிடும். ஹவ் மச், திஸ் வே, நோ ப்ராப்ளம், வெரி குட் க்வாலிட்டி. வந்தவர் நேராகப் பேசுகிறவரை வண்டி ஓடும். ஏலக்காய் பாக்கெட்டைக் கையில் எடுத்த ஒரு இங்கிலாந்துக்காரர் விலையைக் கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பி "இட்ஸ் எ ஸ்டீல்!" என்கிறாரே, அங்கேதான் சிக்கல். ஸ்டீல் என்றால் திருடுவது என்று பள்ளியில் படித்த பையனுக்கு முகம் சுருங்கிவிடும். "நோ சார், ஃபிக்ஸட் ரேட் சார்" என்று தற்காப்புக்கு இறங்குவான். அவர் சொன்னதோ, அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில். அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே இன்னொரு பாக்கெட்டை எடுத்து வைக்க வேண்டியவன், விலையைக் குறைத்து வைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பக்கமிருந்து தினமும் மலையேறி வேலைக்கு வருகிற பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் விற்கிற ஆயிரம் மரபுத்தொடர் புத்தகத்தை வாங்காதீர்கள். அதில் பாதி இங்கிலீஷ்காரனே மறந்துபோனவை, மீதியில் யாரிடம் எப்போது சொல்ல வேண்டும் என்ற தகவல் இருக்காது. கேட்டால் புரிகிற அளவுக்கு நிறைய தெரிந்திருக்க வேண்டும், வாயில் வருவதற்குக் கொஞ்சமே போதும். இந்த இரண்டையும் தனித்தனிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லாப்பெட்டி பக்கம் காதில் விழுபவை

விலை பற்றிய பேச்சுதான் முதலில் புரிய வேண்டும், ஏனென்றால் அதில் காசு இருக்கிறது. "ஸ்டீல்" வந்தால் நல்லது. "பார்கெய்ன்" என்றாலும் நல்லதுதான். "இட் காஸ்ட்ஸ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்" என்றால் விலை யானை விலை என்கிறார். இன்னும் கோபம் கிடையாது, கொஞ்சம் இறங்கினால் வாங்குவார். "டேலைட் ராபரி" என்றால் பகல் கொள்ளை, நம்முடைய பேச்சு அப்படியே. ஆனால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். "ரிப்-ஆஃப்" என்ற சொல் காதில் விழுந்தால்தான் கவனம் வேண்டும். அது ஏமாற்று வேலை என்று நேராகச் சொல்வது, அதைச் சொல்லிவிட்டு வாங்குகிறவர் அபூர்வம். நீங்கள் விடாமல் பேரம் பேசி ஒரு இடத்தில் நின்றுவிட்டால் "யூ டிரைவ் எ ஹார்ட் பார்கெய்ன்" என்பார்கள். திட்டு என்று நினைக்க வேண்டாம். ஆள் கெட்டிக்காரன்தான் என்று ஒத்துக்கொண்டு பர்ஸை எடுக்கிற நேரத்தில் வருகிற வாக்கியம் அது.

"கேன் யூ த்ரோ இன் சம் பெப்பர்?" என்று கேட்டால் மிளகை எறியச் சொல்லவில்லை. கொசுறு கேட்கிறார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று, ஏனென்றால் கொசுறு கேட்பது நம் சந்தைப் பழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு லண்டன்காரனும் அதையே கேட்கிறான் என்று தெரிந்தால் ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. நீங்களே முந்திக்கொண்டு, "ஐ வில் த்ரோ இன் எ பாக்கெட் ஆஃப் க்ளோவ்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள். கிராம்பின் விலையைவிட அந்த வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம்.

"லெட் மி ஸ்லீப் ஆன் இட்" என்பது நாளைக்குச் சொல்கிறேன் என்று பொருள். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்பார்களே, கிட்டத்தட்ட அதே ரகம். பாதிக்குப் பாதி திரும்ப வரமாட்டார்கள். துரத்த வேண்டாம், கடை அட்டையைக் கொடுத்து அனுப்புங்கள்.

அப்புறம் "நாட் மை கப் ஆஃப் டீ". ஏலக்காய் டீ ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு மசாஜ் எண்ணெய் பாட்டிலைக் காட்டும்போது ஒரு அம்மா இதைச் சொன்னார். எண்ணெயில் எனக்கு நாட்டம் இல்லை என்று மரியாதையாக விலகுகிறார், அவ்வளவுதான். கடைப் பையன் டீதான் சரியில்லை போலிருக்கிறது என்று உள்ளே ஓடி, சர்க்கரை தூக்கலாக இன்னொரு டம்ளர் போட்டுக் கொண்டுவந்து நீட்டினான். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்து, டீயையும் குடித்து, எண்ணெயையும் வாங்கிக்கொண்டு போனார். எல்லா நாளும் அப்படி அமையாது. இந்தத் தொடரை நீங்களும் பயன்படுத்தலாம், ஆனால் பெரும்பாலும் மறுப்பாகத்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். எனக்குப் பிடித்தது என்று சொல்ல "ஐ லைக் இட்" போதும்.

காடு, மழை, யானை

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நம் கைடுகள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்: "இட் இஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ் சார்." விட்டுவிடுங்கள். ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர் 1738இலேயே எழுதிவிட்ட தொடர் அது, அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. இன்றைக்கு அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மழையைப் பற்றி அப்படிப் பேசுவது அபூர்வம். கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்த கதை ஒன்று வாட்ஸாப்பில் சுற்றுகிறது, அதற்கும் ஆதாரம் கிடையாது. "இட்ஸ் போரிங்" என்று சொன்னால் போதும், கொட்டுகிறது என்று பொருள். ஆனால் உச்சரிப்பில் கவனம்: முதல் எழுத்து p, காற்று வெடித்து வெளியே வர அழுத்திச் சொல்ல வேண்டும், அது b போல விழுந்தால் சலிப்பாக இருக்கிறது என்கிற இன்னொரு "போரிங்" ஆகிவிடும், சுற்றிப் பார்க்க வந்தவரிடம் அது நன்றாகவா இருக்கும்? பயமாக இருந்தால் "ஹெவி ரெய்ன்" என்றே சொல்லுங்கள், யாரும் குறைத்து எண்ணமாட்டார்கள்.

படகில் ஏறுகிறவர், ட்ரெக்கிங் போகிறவர், எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: யானை தெரியுமா, புலி தெரியுமா? பெரியாறு புலிகள் காப்பகம் என்று பெயர்ப் பலகையில் இருக்கிறதே, புலி வரிசையில் நின்று வணக்கம் சொல்லும் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. இங்கே இரண்டு தொடர்கள் உங்களைக் காப்பாற்றும். ஒன்று "ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட்": நடந்தால் நல்லது, பார்ப்போம். நடுவிரலை ஆள்காட்டி விரல்மேல் பின்னிக் காட்டிக்கொண்டே சொன்னால் இன்னும் நன்று. இன்னொன்று "வி வில் ப்ளே இட் பை இயர்". முன்கூட்டி முடிவு செய்யாமல், போகப் போக நிலவரத்தைப் பார்த்துச் செய்வோம் என்பது. தாளைப் பார்க்காமல் கேள்வி ஞானத்தில் வாசிக்கிற வித்துவானிடமிருந்து வந்தது. மழை, யானைக் கூட்டம், வனத்துறைக்காரர் திடீரென்று பாதையை மூடுவது, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியம் பொருந்தும். பொய் வாக்குறுதியும் ஆகாது.

"டச் வுட்" என்பது கண் படாமல் இருக்கட்டும் என்று நாம் சொல்வதற்குக் கிட்டத்தில் வரும். "நோ ஆக்சிடெண்ட் சோ ஃபார், டச் வுட்" என்று ஜீப்காரர் சொல்லலாம். பிரிட்டிஷ்காரர் தொடுவார், அமெரிக்கர் தட்டுவார், அதாவது அவர்களுக்கு அது "நாக் ஆன் வுட்". எதைச் சொன்னாலும் இரண்டு பேருக்கும் புரியும். உப்பு விஷயமும் இப்படித்தான்: ஒரு செய்தியை முழுக்க நம்பாதே என்பதற்கு லண்டன்காரர் "பின்ச் ஆஃப் ஸால்ட்" என்று சிட்டிகைக் கணக்கு போடுவார், அமெரிக்கர் "க்ரெய்ன் ஆஃப் ஸால்ட்" என்று ஒரு கல்லோடு நிறுத்திக்கொள்வார். "பெட்டர் ஸேஃப் தேன் ஸாரி" என்பதை அட்டைக்கடிக்குப் போடும் சாக்ஸை நீட்டும்போது சொல்லுங்கள். முழங்கால்வரை இழுத்துக் கட்டுகிற அந்தத் துணிப் பையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள்கூட இதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொள்வார்கள்.

"தி எலிஃபண்ட் இன் த ரூம்" என்று விருந்தாளி சொன்னால் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. தேக்கடியில் சொல்வதால் வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத சங்கதிக்குத்தான் அந்தப் பெயர். மூன்று நாளாக வெந்நீர் வரவில்லை, நீங்களும் பேசவில்லை அவரும் பேசவில்லை என்றால், நான்காம் நாள் காலையில் அந்த யானையைப் பற்றித்தான் பேசப் போகிறார்.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது "கேன் ஆஃப் வர்ம்ஸ்", புழு டப்பா. திறந்தால் நெளிந்து வெளியே வந்து திரும்ப அடைக்க முடியாத விவகாரம், நம் பாஷையில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. இதைக் கைவசம் வைத்திருப்பது குமுளிக்காரனுக்குக் கட்டாயம். ஏரிக்குள் கறுத்து நிற்கிற மொட்டை மரங்களைப் பார்த்துவிட்டு, இந்த ஏரி எப்படி வந்தது, அணை யாருடையது என்று யாராவது கேட்பார்கள். 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை, 1895இல் அணை முடிந்தது, காடு மூழ்கியது, தண்ணீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் போகிறது. இதுவரை சரித்திரம், தாராளமாகச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி, அணை பத்திரமா, யார் பக்கம் நியாயம் என்று வரும். படகில் கம்பத்துக்காரரும் கோட்டயத்துக்காரரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது சிரித்துக்கொண்டே "லெட்ஸ் நாட் ஓப்பன் தட் கேன் ஆஃப் வர்ம்ஸ்" என்று சொல்லிவிட்டு, அதோ நீர்க்காகம் என்று கையைக் காட்டுங்கள்.

தமிழ் போலவே இருந்து ஏமாற்றுபவை

முதலைக் கண்ணீர், மூக்கை நுழைப்பது, ஒரே கல்லில் இரண்டு அடிப்பது எல்லாம் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றே, நாம் மாங்காய் அடிக்கிறோம், அவர்கள் பறவை அடிக்கிறார்கள். இவற்றுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். பழகின முகத்தோடு வந்து வேறு பொருள் சொல்கிறவைதான் கழுத்தறுக்கும்.

"ஆர் யூ புல்லிங் மை லெக்?" என்றால் கிண்டல் பண்ணுகிறாயா என்று கேட்கிறார். நமக்கோ காலை வாருவது என்றால் நம்பினவனைக் கவிழ்ப்பது. காலேஜ் பிள்ளைகள் இப்போது தமிழிலும் கிண்டலுக்குக் காலை வாருகிறார்கள், அது வேறு. ஆனால் கூட்டாளி துரோகம் செய்தான் என்று சொல்ல நினைத்து "மை பார்ட்னர் புல்ட் மை லெக்" என்று சொன்னால், கேட்கிறவர் உங்களுக்குள் நல்ல தமாஷ் போலிருக்கிறது என்று சிரிப்பார். துரோகத்துக்கு "ஹி லெட் மி டவுன்" சொல்லுங்கள். இன்னும் காட்டமாக வேண்டுமென்றால் "ஹி ஸ்டாப்ட் மி இன் த பேக்", முதுகில் குத்தினான்.

கிரிக்கெட்டிலும் ஒரு குழி இருக்கிறது. நாம் ஒருத்தர் சிக்ஸர் அடித்தார் என்றால் வெற்றி. இங்கிலீஷில் "த நியூஸ் நாக்ட் மி ஃபார் சிக்ஸ்" என்றால் அந்தச் செய்தி என்னை நிலைகுலைய வைத்தது என்று பொருள், அதாவது நீங்கள் மட்டை இல்லை, பந்து. "ஆன் த பேக் ஃபுட்" தற்காப்பில் இருப்பது. இவையெல்லாம் நமக்கு வெல்லம் மாதிரி இறங்கும், ஆனால் அமெரிக்கரிடம் சொல்லிப் பயனில்லை. அவர்களுடைய விளையாட்டு பேஸ்பால். தோராயக் கணக்குக்கு "பால்பார்க் ஃபிகர்" என்பதும், எதிர்பாராத கேள்விக்கு "கர்வ்பால்" என்பதும் அங்கிருந்து வந்தவை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் வந்து நின்றால் நாம் நூறு ஆயுசு கொடுப்போம். அவர்கள் "ஸ்பீக் ஆஃப் த டெவில்" என்று சாத்தானைக் கூப்பிடுவார்கள். உங்களைப் பார்த்து யாராவது சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம், சிநேகமாகச் சொல்வதுதான். நீங்களாகச் சொல்வதென்றால் கூட்டாளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலாளியின் மாமனார் படியேறி வரும்போது வேண்டாம்.

"கோல்ட் ஃபீட்" குளிரில் விறைத்த கால் அல்ல, கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்களுக்கு "பட்டர்ஃப்ளைஸ் இன் த ஸ்டமக்", ஆனால் பட்டாம்பூச்சியில் பயத்தோடு கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கும், இன்டர்வ்யூ, முதல் மேடை மாதிரி. போலீஸ் பிடித்ததற்கெல்லாம் பட்டாம்பூச்சி பறக்காது. "கிவ் மி எ ஹாண்ட்" என்றால் பெட்டியைத் தூக்க உதவி, "கிவ் ஹர் எ பிக் ஹாண்ட்" என்றால் கைதட்டு.

"ப்ரேக் எ லெக்" பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். நாடக மேடைக்குப் போகிறவரை வாழ்த்துவது அது, நேராக வாழ்த்தினால் ராசியில்லை என்கிற நம்பிக்கையில் தலைகீழாகச் சொல்கிறார்கள். பரீட்சைக்கும் சில பேர் சொல்கிறார்கள், சரி. நம் ஊரில் சாயங்காலம் கதகளியும் களரிப்பயட்டும் டிக்கெட் போட்டு நடக்கிறது. நெருப்பு வளையத்துக்குள் பாயப் போகிற களரிக்காரரிடம் போய் இதைச் சொல்லாதீர்கள்.

வாக்கியத்துக்குள் எப்படிப் பொருத்துவது

மரபுத்தொடரில் எது அசையும், எது அசையாது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறும்: புல், புல்ட், புல்லிங். யாருடைய என்பதும் மாறும்: மை லெக், யுவர் லெக், ஹிஸ் லெக். ஆனால் கால் ஒன்றுதான். பத்துப் பேர் சேர்ந்து கிண்டல் செய்தாலும் "லெக்ஸ்" ஆகாது. "ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்" என்பதைத் திருப்பிப் போட்டுக் காலை முன்னால் வைக்க முடியாது. அந்தச் சின்ன "எ", "த" எல்லாம் அதே இடத்தில் உட்கார வேண்டும். நாம் தமிழில் இல்லாத பழக்கம் என்பதால் அதைத்தான் முதலில் விழுங்குகிறோம். "இட்ஸ் பீஸ் ஆஃப் கேக்" என்றால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், "இட்ஸ் எ பீஸ் ஆஃப் கேக்" என்றால்தான் சுலபம் என்று பொருள் முழுசாக வரும்.

செயப்பாட்டு வினை இன்னொரு சோதனை. ரகசியத்தைப் போட்டு உடைப்பது "ஸ்பில் த பீன்ஸ்". இதை "த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்" என்று திருப்பினாலும் ஏதோ நிற்கும். "கிக் த பக்கெட்" என்றால் செத்துப்போவது, அதைத் திருப்பி "த பக்கெட் வாஸ் கிக்ட்" என்றால் நிஜமாகவே யாரோ வாளியை உதைத்தார்கள். எந்தத் தொடர் திரும்பும், எது திரும்பாது என்பதற்கு விதி தேடி அலைய வேண்டாம். கேட்ட வடிவத்திலேயே சொல்லுங்கள்.

வாளி என்றதும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர் 1785இல் வந்த கொச்சைச்சொல் அகராதியிலேயே இருக்கிறது, பிறந்ததிலிருந்தே கொச்சைதான். மண்டையைப் போட்டான் என்பதற்குச் சமம். துக்கம் விசாரிக்கிற இடத்தில், லீவு லெட்டரில், விருந்தாளி தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, எங்கேயும் வராது. "பாஸ்ட் அவே" என்று சொல்லுங்கள். அதேபோல "அண்டர் த வெதர்" என்பது லேசான உடம்பு சரியில்லாமைக்கு. ஜலதோஷம், தலைவலி, மலைப்பாதை வளைவில் வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிற ஆளுக்கு அதைச் சொன்னால் விஷயத்தை மெழுகுகிற மாதிரி ஆகிவிடும்.

நாமே செய்து வைத்திருக்கிற இங்கிலீஷ்

இது மரபுத்தொடர் பட்டியலில் வராது என்பார்கள், எனக்கு இதுதான் முக்கியம். "முதலாளி இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்று நாம் சொல்கிறோம். கேட்கிற ஜெர்மன்காரர் ரயில்வே ஸ்டேஷனைத் தேடுகிறார், இடுக்கி ஜில்லாவில் ரயிலே கிடையாது. வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் பணியிடத்தை ஸ்டேஷன் என்று சொன்ன காலத்தின் மிச்சம் இது. நாம் விடாமல் வைத்திருக்கிறோம், அவர்கள் விட்டுவிட்டார்கள். "ஹி இஸ் அவே" போதும். "ஐ பாஸ்ட் அவுட் இன் 2016" என்றால் அந்த வருடம் மயக்கம் போட்டு விழுந்தீர்கள் என்று அவர்களுக்குக் கேட்கும். "ஐ கிராஜுவேட்டட்" என்று சொல்லுங்கள். "வாட் இஸ் யுவர் குட் நேம்" கேட்டால் கெட்ட பெயர் ஒன்றும் இருக்கிறதா என்று சிரிப்பார்கள், புண்படமாட்டார்கள். "ப்ரிபோன்" வெளியே பலருக்குப் புரியாது, "கேன் வி டூ இட் எர்லியர்" என்று கேளுங்கள். நம் ஊருக்குள், கொச்சி ஆபீஸ், சென்னை ஆபீஸ், மலையாளி முதலாளி, எல்லாரோடும் இவை தாராளமாகச் செல்லும். தப்பு என்று சொல்லவில்லை, எல்லை தாண்டினால் செல்லாது.

ஏல வியாபாரம், ஈமெயில்

போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் பார்க்கிறவர்கள், ஏற்றுமதிக்காரரிடம் கணக்கெழுதுகிறவர்கள், இவர்களுக்கு வேறு பட்டியல் வேண்டும். 2019இல் விலை கிலோ 7000 ரூபாயைத் தொட்டபோது எழுதவேண்டியிருந்த வாக்கியம்: "ப்ரைசஸ் ஹாவ் கான் த்ரூ த ரூஃப்", கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. இதை வணிகக் கடிதத்தில் எழுதலாம், யாரும் கொச்சை என்று சொல்லமாட்டார்கள். "த பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்றால் இனி முடிவு உங்கள் கையில். டென்னிஸிலிருந்து வந்தது, கோர்ட் கேஸ் கிடையாது. பணம் வரவேண்டிய ஆளுக்கு இதை எழுதும்போது கொஞ்சம் அதட்டலாகத் தொனிக்கும், முதல் கடிதத்திலேயே போடாதீர்கள். "ஆன் த ஸேம் பேஜ்" (ஒரே கருத்தில் இருப்பது), "டச் பேஸ்" (தொடர்புகொண்டு பேசுவது), "திங்க் அவுட்ஸைட் த பாக்ஸ்" (புதுவிதமாக யோசிப்பது) எல்லாம் ஆபீஸில் தேய்ந்துபோனவை. அங்கேயே கேலி செய்கிறார்கள். மற்றவர் எழுதினால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் எழுதாமல் இருந்தால் கடிதம் சின்னதாகும்.

ஒப்பந்தத் தாளில் "பெப்பர்கார்ன் ரென்ட்" என்று வந்தால் மிளகு வியாபாரம் என்று நினைக்க வேண்டாம். பேருக்கு ஒரு வாடகை, ஒரே ஒரு மிளகு மணி அளவுக்கு. இங்கிலாந்துச் சட்டப்படி ஒப்பந்தம் செல்ல வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் எதையாவது கொடுத்தாக வேண்டும், அது எவ்வளவு அற்பமாக இருந்தாலும் சரி. 1960இல் சாக்லேட் உறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் நீதிபதி மிளகைத்தான் உதாரணம் காட்டினார். மிளகுக் கொடி வைத்துப் பிழைக்கிற ஊரில் இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

யாரிடம் எடுக்கவே கூடாது

நம் ஊருக்கு வருகிற வெளிநாட்டவரில் பலர் பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர், இஸ்ரேலியர். இங்கிலீஷ் அவர்களுக்கும் படித்து வந்த மொழிதான். நீங்கள் கஷ்டப்பட்டு "ப்ளே இட் பை இயர்" சொன்னால், அவர் தன் காதைத் தொட்டுப் பார்ப்பார். முதல் இரண்டு நிமிடம் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். அவர் வாயிலிருந்து ஒரு மரபுத்தொடர்கூட வரவில்லையென்றால் நீங்களும் எடுக்காதீர்கள். காட்டுக்குள் பாதுகாப்பு விதி சொல்லும்போது யாராக இருந்தாலும் நேர் வாக்கியம்தான்: நில், ஓடாதே, போட்டோ வேண்டாம். அங்கே அலங்காரம் ஆபத்து.

இன்னொன்று. "பரையா" என்று ஒரு சொல் இங்கிலீஷ் செய்திகளில் அடிக்கடி வரும், எல்லாரும் ஒதுக்கிவைத்த நாடு, ஒதுக்கிவைத்த ஆள் என்கிற பொருளில். நம் மண்ணின் ஒரு சாதிப் பெயரைக் கொண்டுபோய் அப்படி ஆக்கியிருக்கிறார்கள். சொல்கிற விருந்தாளிக்கு அது தெரிந்திருக்காது. நமக்குத் தெரியும், அதனால் நம் வாயில் வர வேண்டாம்.

பழகுவதற்கு

சின்ன நோட்டு ஒன்று வையுங்கள், போனிலேயே இருந்தாலும் சரி. தொடரை மட்டும் எழுதாமல் முழு வாக்கியத்தையும், சொன்னவர் யார், எதற்குச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "லெட்ஸ் கால் இட் எ டே" என்று மட்டும் எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்து ஒன்றும் புரியாது. சாயங்காலம் நாலு மணி, மூன்றாவது தோட்டம் பார்த்துக் களைத்துப்போன கிழவர், வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார் என்று எழுதினால், இன்றைக்கு இதோடு போதும் என்கிற பொருள் தானாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் அதே களைப்பை யார் முகத்திலாவது பார்க்கும்போது "ஷல் வி கால் இட் எ டே?" என்று நீங்கள் கேட்கலாம்.

ஜீப்காரர்களுக்கு நான் முதலில் கொடுப்பது "ஆஃப் த பீட்டன் ட்ராக்". கூட்டம் போகாத இடம். எல்லாரும் இதைத்தான் தேடி வருகிறார்கள், எல்லாரும் ஒரே இடத்துக்குப் போகிறார்கள் என்பது தனிக்கதை. மேகமலை, கம்பத்துத் திராட்சைத் தோட்டம் என்று சொல்ல ஆரம்பிக்குமுன் இந்தத் தொடரைப் போட்டால் வண்டி நிச்சயம் புக் ஆகும். அதற்கு எதிர்ப்பதம் "டூரிஸ்ட் ட்ராப்", வருகிறவரிடம் காசு கறக்கிற இடம், உங்கள் கடையைப் பார்த்து யாராவது சொன்னால் யோசிக்க வேண்டிய விஷயம்.

புரியாத தொடர் வந்தால் தலையாட்டாதீர்கள். உடம்புறுப்பு, விலங்கு, வானிலை, சாப்பாடு என்று பேச்சுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று நடுவில் குதித்தால் அது மரபுத்தொடர் என்று சந்தேகப்படுங்கள். "ஸாரி, ஐ டோன்ட் நோ தட் எக்ஸ்ப்ரெஷன்" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்டு எரிச்சல்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை, கதையோடு விளக்குவார்கள், சில பேர் பதிலுக்குத் தமிழில் ஒன்று கேட்பார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறதைச் சொல்லிக் கொடுங்கள், ஏலக்காய் விளைகிற வண்டன்மேட்டிலேயே ஏலக்காய் விற்பதைக் காட்டிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ரிவ்யூ. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறார்கள், வாசகத்தைப் படிப்பதில்லை. "ஹிடன் ஜெம்" என்றால் பலருக்குத் தெரியாத அருமையான இடம் என்கிறார், குளிர்ந்து போகலாம். "வென்ட் அபவ் அண்ட் பியாண்ட்" என்றால் கேட்டதற்கு மேல் செய்தீர்கள் என்று பாராட்டு. "எ பிட் ரஃப் அரவுண்ட் தி எட்ஜஸ்" என்றால் மனிதர்கள் நல்லவர்கள், இடத்தில் அங்கங்கே குறை, அதாவது குழாய் சொட்டுகிறது, தாழ்ப்பாள் பொருந்தவில்லை. "ஹாஸ் கான் டவுன்ஹில்" என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து, மலையிறங்கிக் கம்பம் போனதைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து "தேங்க்யூ, விசிட் அகெய்ன்" என்று பதில் போட்டிருந்தார்கள் ஒரு இடத்தில். முன்பு நன்றாக இருந்தது, இப்போது தரம் கெட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறார் அவர். அப்படி வந்தால் எந்த அறை, எந்தத் தேதி என்று கேளுங்கள், எதைச் சரிசெய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள், மரபுத்தொடர் ஒன்றுகூட இல்லாமல் நாலு வரியில் பதில் எழுதி அனுப்புங்கள்.